வெளியூரில் ஒரு காப்பி

முதல் அடியிலேயே சின்னசேலம் நொறுங்கியது. அடுத்த அடி ரிஷிவந்தியத்துக்கு. பெயர்ச்சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்திருந்த சர்வர் பெட்டிகள் கடப்பாரைக்கு முன்னால் எம்மாத்திரம்?

"டேய் முண்டம்! கேமரா படம் இருக்கிற பெட்டிய ஒடைக்கச் சொன்னா, கிளை ஆபீசு பெட்டிய எல்லாம் ஒடச்சிக்கினு இருக்கிற!" என்று அடியாளைத் திட்டினான் மேனேஜர் பச்சமுத்து. "சரி, எதுல இருந்தா இன்னா. எல்லாத்தையும் ஒட."

அந்த ஜவ்வரிசி ஆலையின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் இளஞ்செழியன் தரையில் கிடந்தான். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காத பக்கமாக மடங்கியிருந்தன.

மூட்டை இறக்கும் அய்யனார், லாரியிலிருந்து விழுந்து செத்ததாக ஆலையில் சொல்லியிருந்தார்கள். அவன் விழவே இல்லை. எதிர்த்துப் பேசினான் என்று பச்சமுத்து அவனை இரும்புக் குழாயால் அடித்தே கொன்றான், பாவி. அதைக் களத்துக் கேமரா பார்த்திருந்தது. வேறு சாட்சி சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

பச்சமுத்து நாற்காலியில் சாய்ந்தான். மேசைக்கடியில் தூசி படிந்து கிடந்த பழைய பெட்டி மேல் சௌகரியமாகக் காலை நீட்டிக்கொண்டான்.

"எதுவா இருந்தாலும் ஒரு காப்பி வெளியூர்ல வைக்கணும்னு மீட்டிங்ல மொதலாளிகிட்ட சொன்னியேடா. அந்தக் காப்பி எங்க?"

இளஞ்செழியன் தரையோடு தரையாக நகரப் பார்த்தான். இன்னோர் அடியாளின் இரும்புக் குழாய் அவன் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவன் காதிலேயே விழுந்தது. குழாய் மறுபடியும் மேலே போனது.

"வெள்ளிமலை! வெள்ளிமலையில இருக்குதுங்க!" என்று அலறிவிட்டான்.

பச்சமுத்துவுக்கு வாயெல்லாம் பல். "நம்ம கெழங்கு குடோன்லயா? மலைமேல கொண்டு போயி ஒளிச்சி வச்சிக்கினு எங்கிட்டயே வேல காட்டுறியா?"

இளஞ்செழியன் கண்ணை மூடிக்கொண்டான். போகிற போக்கில் அவன் விலாவில் ஓர் உதை விழுந்தது.

"வண்டிய எடுங்கடா. குடோனோட கொளுத்திட்டு வந்துடலாம்."

ஜீப் கச்சிராயபாளையம் சாலையில் சீறிக்கொண்டு போனது.

அது போன சூட்டோடு போலீஸ் வந்தது. காலையிலிருந்து ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டிருந்த அய்யனாரின் மனைவி கொளஞ்சியம்மாள், இன்ஸ்பெக்டர் நிர்மலாவைக் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

"கேமரா படம் எங்க தம்பி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காப்பி எங்கன்னு கேட்டு அடிச்சாங்க மேடம். அடி தாங்கல. வெள்ளிமலைன்னு சொல்லிட்டேன். அங்கதான் போறாங்க..."

கொளஞ்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "சொல்லிட்டியா சாமி? எம் புருசன ரெண்டாந்தரமும் கொன்னுட்டீங்களே!"

அவள் கதறலைக் கேட்டால் பெற்ற வயிறெல்லாம் பற்றி எரியும்.

"அழுவாதம்மா. டிரைவர், வண்டிய எடு!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர். "அவனுங்களுக்கு முன்னாடி நாம மலைக்குப் போயாவணும்."

"வேணாங்க மேடம்." இளஞ்செழியன் உடைந்த பல்லோடு சிரித்தான். "வெளியூர்ல வைக்க மொதலாளி கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல. எல்லாப் பெட்டிக்கும் நாந்தான் நம்ம பக்கத்து ஊரு பேரா பாத்து வச்சேன்."

இடது கையால் மேசைக்கடியைக் காட்டினான்.

"அவன் கால் நீட்டிக்கினு இருந்தானே, அந்தப் பெட்டி பேருதாங்க வெள்ளிமலை."