அசையாத நில்லு

வேலியோரத்து வேம்பில் வந்து அமர்ந்த மாங்குயிலை நாச்சிமுத்து கேமராவுக்குள் கொண்டுவந்திருந்தார். சற்றுத் தள்ளி அவர் மனைவி துளசிமணி முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் வேலியில் கூடிக் கத்தத் தொடங்க, மாங்குயில் பறந்துவிட்டது. எதைப் பார்த்துக் கத்துகின்றன என்று கேமராவைக் கீழே இறக்கினார். துளசிமணியின் வெறுங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில், சருகோடு சருகாகக் கண்ணாடிவிரியன் ஒன்று அவளை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போனால் அவள் திரும்பிவிடுவாள். பாம்பு என்று சொன்னால் காலைத் தூக்கிவிடுவாள்.

“அசையாத நில்லு துளசி,” என்றார் தணிந்த குரலில். “உன்ற பக்கத்துல ஒரு குருவி உக்காந்திருக்குது. படம் எடுத்துக்கறேன்.”

அவள் கிளையைப் பிடித்த கையோடு அப்படியே நின்றாள். விரியன் அவள் பாதத்தின் மேல் ஏறியது. அவசரமே இல்லாமல் மறுபக்கம் இறங்கி, நெடுநேரம் எடுத்துக்கொண்டு வேலிக்குள் நுழைந்தது. குருவிகள் அடங்கின.

துளசிமணி மூடிய கண்களைத் திறக்காமலே கேட்டாள்.

“போயிருச்சுங்களா?”