மனமுவந்து ஒரு கையெழுத்து

மேல்கோர்ட்டின் ஜன்னல் கம்பிகளில் மதிய வெயில் தூங்கி வழிகிறது. ஒரு வாசலில் வெகுநேரம் சந்தேகப்படும்படி நின்றதாகக் கீழ்க்கோர்ட்டில் ஏழு நாள் சிறை வாங்கிய வாட்ச்மேன் கூண்டில் நிற்கிறார். நிற்பதுதான் அவருடைய உத்தியோகம். தண்டனை எப்போதோ முடிந்துவிட்டது. தீர்ப்பு ரத்தானால்தான் வேலை திரும்பக் கிடைக்கும். "குற்றத்தை மனமுவந்து ஒப்புக்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே அச்சடித்து, கீழ்க்கோர்ட்டில் ஒரே காலையில் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கிய தாள்களில் அவருடையதை நீதிபதி தூக்கிப் பிடிக்கிறார். "அண்ணே, யாரும் படிச்சுக் காட்டலைன்னு மட்டும் சொல்லுங்க," என்று வாட்ச்மேனின் வக்கீலம்மா அவர் காதில் கிசுகிசுக்கிறார். நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதெல்லாம் புரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்கிறார். வாட்ச்மேன் கைகளைக் கட்டிக்கொள்கிறார். அவர் பார்த்த கோர்ட்டில் எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான். "ஒத்துக்கறேன்யா. சீக்கிரம் அனுப்பிடுங்க." வக்கீலம்மா கண்களை மூடிக்கொள்கிறார். தட்டச்சர் அதையும் ஓர் எழுத்து விடாமல் அடித்துக்கொள்கிறார்.