பூச்சி கடிக்காத இலை

"காமாலை எறங்கலையே பாய்! பதினோரு நாளா வெறும் வயித்துல கீழாநெல்லி அரைச்சுக் குடுக்குறேன், எம்புருசனுக்குக் கண்ணு இன்னும்ல மஞ்சளாகுது!"

ஒச்சம்மாள் போட்ட சத்தத்தில், போடியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் ஹபீப் ரஹ்மான் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"மோர்ல கலந்துதானே குடுக்குற ஆத்தா? எண்ணெய்ப் பலகாரம் ஏதும்...?"

"வாசத்தைக்கூடக் காட்டல."

"அப்ப வேற செடியப் பறிச்சிருப்ப. கொண்டா, பாப்போம்."

மடியிலிருந்த கொத்தை நீட்டினாள். அவர் இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டி நெல்லிகள்.

"கீழாநெல்லியேதான். ஒரு பூச்சிக்கடிகூட இல்லையே! எங்க பறிச்ச?"

ஒச்சம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"போடிமெட்டுக்கு மேல, நாங்க வேலை பாக்குற ஏலத்தோட்டத்துல. மலையாளத்துக் கங்காணி, 'இவிட முழுவன் மருந்தாணு, பறிக்கண்டா'ன்னு வெரட்டுனான். தோட்டம் பூராம் மருந்தா மொளைச்சுக் கெடக்கு, நமக்குக் குடுக்க அவனுக்கு மனசில்ல. விடுவேனா? அவன் கண்ணுல படாம நெதம் புடுங்கிட்டு வந்துட்டேன்."

ஹபீப் ரஹ்மான் கொத்தைக் கீழே போட்டுவிட்டு, கையைக் கைலியில் அழுத்தித் துடைத்தார்.

"அந்தத் தோட்டத்துல மருந்தடிக்கிறது யாரு ஆத்தா?"

"எம்புருசந்தேன். படுக்கையில விழுற வரைக்கும் முதுகுல பம்பைக் கட்டிக்கிட்டு அவருதேன்..."

ஒச்சம்மாள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்கில், காலையில் அரைத்த பச்சை அப்படியே இருந்தது.