சொன்ன பேச்சுக் கேட்காத தட்டு

அந்த ஆராய்ச்சியாளருக்குப் பொறுமை போய்விட்டது. தட்டுகளில் வளரும் இதயத் தசைச் செல்களுக்கு ஒளிரும் சாயம் ஊற்றி, லேசாக மின்சாரம் கொடுத்தால், உள்ளே கால்சியம் பாயும்போதெல்லாம் திரையில் பச்சையாக மின்னும். மற்ற தட்டுகள் ஒழுங்காக மின்னின. ஒன்று மட்டும் மின்சாரத்துக்கு அசையாமல், அவள் திட்டும்போது மின்னியது. அந்தத் தட்டில் இருந்தவை, அவள் கணவரின் தோல் செல்களை இதயச் செல்களாக மாற்றி வளர்த்தவை. வயரை மாற்றினாள், சாயத்தை மாற்றினாள். அது மசியவில்லை.

“ஆளைப் போலவேதான் இருக்கு. சொன்னா அசையாது, கத்தினா பதறும்.”

“விடுங்கக்கா, பிளீச் ஊத்திக் கொட்டிட்டு வேற வைங்க,” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

வேலை முடிந்த தட்டுகளை அப்படித்தான், பிளீச்சால் செல்களைக் கொன்றுவிட்டுக் கொட்டுவார்கள். அவள் பாட்டிலைத் திறந்து தட்டின்மேல் சாய்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை; அதற்குள் திரை முழுக்கப் பச்சையானது. போன் அடித்தது. கணவர்.

“வேலை நேரத்துல கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“இல்லம்மா... திடீர்னு நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு.”

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். பச்சை அடங்கியது.

“இப்ப விட்டிருச்சு,” என்றார் அவர்.

அவள் தட்டை இரண்டு கைகளாலும் எடுத்து, செல்களைக் கதகதப்பாக வைக்கும் பெட்டிக்குள் வைத்து மூடினாள். என்னதான் கவனித்தாலும், அங்கே எந்தத் தட்டும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கியதில்லை.