மடிக்கத் தெரியாத பிரௌசர்

திரையில் அவளுடைய வலைப்பக்கம் திறந்துகொண்டிருந்தது.

மெதுவாக.

நேர்காணல் அறையின் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் அது. பதினைந்து வயதாவது இருக்கும்.

"நம்ம கஸ்டமருங்க பாதிப் பேர் பால் சொசைட்டிக்காரங்க. இன்னமும் இந்த மாதிரி டப்பாவுலதான் வேலை பாக்கறாங்க. அதனால வேலைக்கு யார் வந்தாலும் அவங்க செஞ்ச பக்கத்த மொதல்ல இதுலதானுங்க தொறப்போம்," என்றார் தெய்வானை. வலைப்பக்கங்கள் செய்துகொடுக்கும் அந்தச் சின்ன நிறுவனத்தை நடத்துபவர் அவர்தான்.

வேலை கேட்டு வந்திருந்த அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

தன்னைப் பற்றித் தானே செய்த பக்கம். வீட்டில் மூன்று பிரௌசர்களில் சோதித்திருந்தாள். மூன்றும் புதியவை. இந்தக் கிழத்தை யார் நினைத்தார்கள்!

பக்கத்தின் கடைசியில் ஒரு மடிப்பு வைத்திருந்தாள். 'மற்றவை' என்று ஒரு சொல் மட்டும் தெரியும். தட்டினால்தான் விரியும்.

யார் தட்டப் போகிறார்கள்?

பொய் சொல்ல அவளுக்கு வராது. உண்மையைச் சொன்னால் வேலை வராது. போன இரண்டு நேர்காணல்களிலும் படிப்பு முடிந்த பிறகு போன மூன்று வருடத்தைப் பற்றிக் கேட்டதோடு பேச்சு முடிந்துவிட்டது. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் அனுப்பவில்லை.

அதனால்தான் மடித்து வைத்தாள்.

பக்கம் வந்துவிட்டது.

ஐயோ, என்ன கோலம்!

வட்டமாக இருந்த புகைப்படம் சதுரமாகிவிட்டது. வரிசையாக நிற்க வேண்டிய பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியிருந்தன. சந்திக்க வசதியான தேதியைக் கேட்கும் இடத்தில் நாட்காட்டியைக் காணோம். வெறும் கட்டம்.

தெய்வானை அந்தக் கட்டத்தில் ஒரு தேதியைத் தட்டினார்.

வாங்கிக்கொண்டது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு எழுத்துகூட விடுபடவில்லை. அவள் எழுதிய கட்டளைகளில் பாதி அந்தப் பழைய பிரௌசருக்குப் புரிந்திருக்காது. அதற்காகப் பக்கத்தை மூஞ்சியில் சாத்தவில்லை. புரியாத சொல்லை விட்டுவிட்டு, உள்ளே இருந்ததைப் பத்திரமாகக் கொடுத்திருந்தது. கெட்டிக்காரக் கிழம்! அந்தப் பயத்திலும் அவளுக்கு அதைப் பிடித்துப் போயிற்று.

தெய்வானை கீழே நகர்த்தினார். இன்னும் கீழே.

அதற்கு மடிக்கவும் தெரியவில்லை.

உள்ளே இருந்ததை எல்லாம் விரித்துப் போட்டிருந்தது.

'மூன்று வருடம் பனியன் கம்பெனி. செக்கிங் பிரிவு. ஒவ்வொரு பீஸையும் உள்பக்கம் திருப்பி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்க்கும் வேலை. படித்த படிப்புக்கு வேறு வேலை கிடைக்கவில்லை.'

தெய்வானை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போகத் தோதாக.

"இதை மடிச்சு வெச்சிருந்தியாக்கும் கண்ணு?"

அவள் தலையாட்டினாள். வெட்கமாக இருந்தது.

"ஏன் உள்பக்கம் திருப்பணும்? வெளியவே பாத்தா ஆகாதா?"

"வெளிய எல்லாமே நல்லாத்தானுங்க இருக்கும். தப்பு உள்ளதான் தெரியும்."

தெய்வானை மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வேறொரு பக்கத்தைத் திறந்தார். ஏதோ ஒரு சொசைட்டியின் விண்ணப்பப் படிவம். பெயர், ஊர், மாடுகளின் எண்ணிக்கை. கடைசியில் 'அனுப்பு' என்ற பொத்தான். அதை நாலு முறை அழுத்திக் காட்டினார். படிவம் அசையவில்லை.

"மத்த கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் போகுது. இதுல மட்டும் போக மாட்டேங்குது. மூணு நாளா நாங்களும் பாத்துட்டோம்."

நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வா, இங்க உக்காரு."

அவள் பையைத் தரையில் வைத்தாள்.

படிவத்தைப் பார்த்தாள். பொத்தானை அவள் அழுத்திப் பார்க்கவில்லை.

மவுஸில் வலப்பக்கம் தட்டி, கட்டளைகள் எழுதியிருக்கும் உள்பக்கத்தைத் திறந்தாள்.