கோட்டைக்குப் போன காரில்

காரில் நான்கு பேர். ஓட்டியவர் மாப்பிள்ளை, பக்கத்தில் அவருடைய அம்மா, பின்னால் இடப்புறம், ஊரிலிருந்து விருந்தாளியாக வந்த நான், வலப்புறம் என் தங்கை வடிவு, மடியில் மோர்க்குழம்புத் தூக்குச்சட்டி. கோட்டை வாசலில் மாப்பிள்ளை இறங்கி, வடிவு பக்கக் கதவு வழியாகத் தலையை உள்ளே நீட்டினார்.

"நீ இறங்காத. சட்டி சாஞ்சா சீட்டு நாறிடும்."

பிறகு பீரங்கிக்கு முன்னால் தொப்பையை எக்கிக்கொண்டு நின்றார். அவர் அம்மா நாற்பது படம் எடுத்தாள். அந்தக் கோட்டை ராஜாவே வந்திருந்தாலும் ஓரமாக நிற்கச் சொல்லியிருப்பார்கள்.

நாங்கள் மூவரும் சுற்றிவிட்டுக் காருக்குத் திரும்பி வந்ததும் வடிவு என் காதருகே கேட்டாள்.

"அண்ணே, உள்ள என்னல்லாம் இருந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு. அப்பாவுக்கு எழுதணும்."

"இதுவரை எத்தனை கோட்டை பாத்திருக்க?"

"பதினொண்ணுக்கு வந்திருக்கேன்."

வடிவு எப்படி இருக்கிறாள் என்று பார்த்து எழுதச் சொல்லித்தான் அப்பா என்னை அனுப்பியிருந்தார். மறுநாள் அவள் தந்த தாளில் அகழி இருந்தது, மயில் இருந்தது, ரோஜாத் தோட்டத்தில் கால் வலிக்க நடந்ததும் இருந்தது. என் தாளில், போகும்போதும் கோட்டை வாசலில் நின்றபோதும் திரும்பும்போதும் காரில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை மட்டும், சட்டி உட்பட, வரிசையாக எழுதினேன். இரண்டு தாளையும் ஒரே உறைக்குள் வைத்து ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன்.