இருபதுக்குப் பதினேழு

வகுப்பு முழுக்க எழுத்து எழுத்தாக ஒலித்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து படக்கதைப் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை வாசலிலேயே நின்றுவிட்டார். இரண்டாம் வகுப்புக்குத் தினமும் முதல் பீரியடு எழுத்தொலிப் பயிற்சி என்பது அவர் போட்ட சட்டம். கதைப் புத்தகமெல்லாம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில்தான்.

விசாரித்ததில், அந்தப் பெண் வருஷ ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் என்று தெரிந்தது. அட்டையில் இருபது வார்த்தை எழுதிக் காட்டினார். மூன்றுதான் படித்தாள்.

வகுப்பு டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டார்.

"கதைப் புத்தகம்னா அவளுக்கு உயிர், மேடம். இந்த ஒரு வருஷம் அவ போக்குல விட்டுடுங்களேன்."

"பிடிக்குதுன்னா அவளே படிக்கக் கத்துக்க வேண்டாமா? எத்தனை நாளைக்கு இப்படிப் படம் பாத்துக்கிட்டே இருப்பா?"

டீச்சர் தலையாட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்பினாள்.

விளக்கம் கேட்டு மெமோ போனது. 'தவறுதான்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. உடம்பு வணங்காதவள், ஒரு பிள்ளை குறைந்தால் வேலை மிச்சம் என்று நினைத்திருப்பாள் என மற்ற டீச்சர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் காதிலும் விழுந்திருக்கும். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணைத் தலைமையாசிரியையே கையிலெடுத்தார். புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். தினமும் காலையில் தன் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, பெரிய பெரிய எழுத்தில் அட்டைகள் எழுதிக் காட்டினார்.

முதல் வாரம், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று பீரோவைக் காட்டிக் கெஞ்சினாள். இருபது வார்த்தையும் படித்துவிட்டால் அத்தனை புத்தகமும் உனக்குத்தான் என்றார் தலைமையாசிரியை. அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. அழவும் இல்லை. மழையோ வெயிலோ, வந்து உட்கார்ந்து எழுத்துக் கூட்டினாள்.

ஏழு வாரத்தில் இருபதுக்குப் பதினேழு.

தலைமையாசிரியைக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்ணின் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினார். தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவள், அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

அம்மாவுக்கு முன்னால் மகள் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக் காட்டினாள். அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்து, வெளியே போய் விளையாடச் சொன்னாள். முகத்தில் சிரிப்பில்லை.

தலைமையாசிரியைக்குச் சுருக்கென்றது. "உங்க பொண்ணு படிக்கிறதுல உங்களுக்குச் சந்தோஷம் இல்லையா?"

"அப்படியெல்லாம் இல்லைங்க, மேடம். நீங்க எடுத்துக்கிட்ட சிரமத்துக்குக் கும்பிடுறேன். ஆனா, டீச்சருக்கு மெமோ கொடுத்தீங்கன்னு இன்னைக்குத்தான் கேள்விப்பட்டேன். அவங்க மேல தப்பில்லை. யார்கிட்டயும் மூச்சுவிடக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். பிள்ளைக்கே இன்னும் தெரியாது."

"என்ன தெரியாது?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அவளுக்குக் கண் போய்க்கிட்டிருக்கு, மேடம். வருஷக் கடைசி வரைக்கும் தாங்கினாலே பெரிசுன்னு டாக்டர் சொல்லிட்டார். எழுத்தைப் பின்னாடி விரலால தடவிக்கூடப் படிச்சுக்கலாம், படத்தை இப்பவே பாத்துக்கட்டும்னு டீச்சர்தான் சொன்னாங்க."